படத்துக்கு வடிவான கிணறு

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுற்றுவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு மின்விசிறியின் கீழ் 'ஆய்வு ஒழுக்கம்' படிப்பித்துப் பாருங்கள். உங்களிடம் பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். நேர அட்டவணை போடுகிறவர்களுக்கு என் பாடம் ஊறுகாய். சோறு கறி எல்லாம் போட்ட பிறகு இலையில் இடம் மிஞ்சினால் ஓரத்தில் வைப்பார்கள். பிள்ளைகள் அதற்கு நித்திரைப் பாடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் வைத்திருக்கிறார்கள்.

வன்னியில் ஓர் உயர்கல்விக் கூடத்தில் பல வருடங்களாக மண்ணையும் நீரையும் பற்றிப் படிப்பிக்கிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒழுக்கப் பாடத்தை எடுக்க யாரும் முன்வராததால் அதை என் தலையில் கட்டினார்கள். கட்டிய பிறகு எனக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் நிறம் மாறுவதைப் பார்த்து இலக்கம் எழுத யாரும் பழகிக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வந்தது, அந்த இலக்கம் வெளியே போனால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கப் பழகுவதுதான் கஷ்டம். இதைத்தான் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகச் சொல்கிறேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அந்த நினைப்பில் மண் விழுந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

இதில் வருகிற கிணற்றுக்கார அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் இருக்கிற ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, எந்தப் பக்கம் என்பதை விட்டுவிடுகிறேன்; மற்ற வீடுகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். "எழுதுங்கோ, ஆனா எங்களைப் பாவம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றார். எழுதமாட்டேன். எனக்கு இன்னும் கோபமே தீரவில்லை, இதில் பாவம் பார்க்க எங்கே நேரம்.

எங்கள் பக்கத்தில் ஆய்வுக்குச் சம்மதம் வாங்குவது லேசான காரியமல்ல. கிடைக்காது என்பதால் அல்ல, கேட்க முன்னரே கிடைத்துவிடும் என்பதால். கையில் காகிதத்தோடு ஓர் ஆள் படலையில் நின்றால், வீட்டுக்காரர் முதலில் உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வருவார். பிறகு குடும்ப அட்டை வரும். பிறகு "எங்க கையெழுத்து வைக்கிறது?" என்பார். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான், சிலவேளை அதுவும் இல்லை. முகாமில் பதிந்தார்கள், மீளக்குடியேறப் பதிந்தார்கள், கூரைத் தகரத்துக்குப் பதிந்தார்கள், வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தார்கள், காணாமல் போன பிள்ளைக்காக எத்தனையோ மேசைகளில் பதிந்தார்கள். பதியாமல் விட்டால் ஏதாவது தவறிப்போகும் என்ற பயம் உடம்பில் ஊறிவிட்டது. அந்தச் சனத்திடம் போய் "விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம்" என்று வாசித்துக் காட்டினால், "ஐயோ, விருப்பம்தான் பிள்ளை, நீங்கள் எழுதுங்கோ" என்பார்கள். அதனால் என் பிள்ளைகளுக்கு நான் போட்ட முதல் சட்டம், அடையாள அட்டை திரும்பவும் அலுமாரிக்குள் போகும்வரை ஆய்வைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது. அட்டை கையில் இருக்கும்வரை அவர்கள் சொல்கிற ஓம், சம்மதம் என்ற ஓம் இல்லை.

அந்த வருடத்து இறுதியாண்டுப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் நித்திரைப் பாடத்தில் நித்திரை கொள்ளாதவள். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். முன்வரிசை வாங்கில் இருந்து கேள்விமேல் கேள்வி கேட்பாள். "மிஸ், சனம் தானாவே எங்கட பேரைப் போடுங்கோ எண்டு கேட்டா என்ன செய்யிறது?" என்று ஒருநாள் கேட்டாள். நான் பாடத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியோடேயே மிச்ச நேரம் முழுவதையும் போக்கினேன். இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் போதும், மற்றவர்கள் நித்திரை கொள்ளட்டும் என்றிருந்தது எனக்கு.

அவளின் இறுதியாண்டு ஆய்வுக்கு நானே மேற்பார்வையாளர். இரணைமடுக் குளத்து வாய்க்காலை நம்பி நெல்லும், கிணற்றை நம்பி மிளகாயும் வெங்காயமும் செய்கிற ஒரு குடியேற்றத் திட்டம். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவில் எவ்வளவு கிணற்று நீருக்குள் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. நைத்திரேற்று என்கிற அந்தச் சாமான் தண்ணீரில் கூடினால் ருசியும் மாறாது, நிறமும் மாறாது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. பால்குடிப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால்தான் ஆபத்து.

வார இறுதிகளில் விடுதிச் சாப்பாடு வாய்க்குள் போகாது என்று என் வீட்டுக்கு வந்துவிடுவாள். குசினிக்குள் புகுந்து மீன் குழம்பு வைப்பாள். "உங்களுக்கு மீன் வெட்டத் தெரியாது, தள்ளுங்கோ மிஸ்" என்று என் வீட்டிலேயே என்னை அதட்டுவாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் விளக்கிச் சொல்ல விருப்பமில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு, சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கத் தொடங்கிய நாட்களில், நீர் மாதிரி எடுக்க அந்த ஒழுங்கைக்குப் போனோம். ஒவ்வொரு வீட்டு வளவிலும் கிணறு இருந்தது. அநேகமானவை சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீருக்கு முழு ஒழுங்கையும் போவது அக்காவின் கிணற்றுக்கு. காலையிலும் பின்னேரத்திலும் குடமும் பிளாஸ்ரிக் கேனுமாகப் பெண்கள் அங்கே நிற்பார்கள். யார் வீட்டில் என்ன கறி, யாருடைய மகனுக்கு வெளிநாட்டு விசா சரிவந்தது, எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் பேசப்படும்.

அந்தக் கூட்டத்தின் அருமை தெரியவேண்டுமானால் ஒன்றைச் சொல்லவேண்டும். அக்காவின் குடும்பம் வடக்கே குடாநாட்டிலிருந்து வந்தது. அங்கே அவர்களுடைய ஆட்களை மற்றவர்களின் கிணற்றில் வாளி போட விடமாட்டார்கள். குடத்தோடு எட்ட நின்று, யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். திட்டத்தில் காணி கிடைத்தபோது அக்காவின் தகப்பன் வீடு கட்ட முன்னர் கிணறு வெட்டினார். வெட்டிய இடத்தில் இளநீர் போலத் தண்ணீர். முதலில் ஒழுங்கையில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பொல்லாத கோடை வந்தது. ஒவ்வொருவராகக் குடத்தோடு வந்தார்கள். "பசி வந்தாப் பத்தும் பறக்கும் எண்டுறவை. தாகம் வந்தா சாதியும் பறக்கும் ரீச்சர்" என்று சொல்லி அக்கா கண் நிறையச் சிரிப்பார். சண்டைக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஒருவருக்கும் கூரை இல்லை. ஒழுங்கைக்காரர் எல்லாரும் சேர்ந்து முதலில் அந்தக் கிணற்றைத்தான் இறைத்துச் சுத்தப்படுத்தினார்களாம்.

ஒழுங்கையிலேயே அடையாள அட்டையோடு வராத ஒரே ஆள் அக்காதான். எங்களைக் கதிரையில் இருத்திவிட்டு, "தண்ணியில ஏதும் பிழை கண்டா என்ன செய்வியள்?" என்று கேட்டார். அந்த ஒழுங்கையில் எங்களைக் கேட்ட ஒரே கேள்வி அது.

"முதல் உங்களுக்குத்தான் சொல்லுவம் அக்கா" என்றேன். "உங்கட முற்றத்தில வந்து சொல்லுவம். எந்தக் கிணறு எண்டு வேற ஒருத்தருக்கும் தெரியவராது."

என் மாணவி பக்கத்தில் இருந்தாள். "அன்ரி, நாங்கள் எடுக்கிற படம்கூட வெளியில போகாது. எங்கட குறிப்புக்கு மட்டும்தான். சத்தியமா" என்றாள். சத்தியம் பண்ணச் சொல்லி நான் படிப்பித்ததில்லை. அது அவளாகச் சேர்த்தது. அக்கா அவளின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சரி என்றார்.

முடிவு நல்லதாக இல்லை. ஒழுங்கை முழுவதிலும் பால்குடிப் பிள்ளைகளுக்கு ஆகாத அளவுக்கு நைத்திரேற்று இருந்தது. நிலத்தடியில் தண்ணீருக்கு வேலி இல்லைதானே. அக்காவின் கிணறு நடுத்தரம். எல்லாவற்றையும்விடக் கூடுதலாக இருந்தது எதிர்வீட்டுக் கிணற்றில். அது ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தரின் வளவு, மாபிள் பதித்த கட்டுக்கிணறு, சவர் கொஞ்சம் குறைவு. இன்னொரு முறை அளந்து உறுதிசெய்வது, பிறகு வீடு வீடாகப் போய் அவரவர் கிணற்றைப் பற்றி அவரவரிடம் சொல்வது, அதோடு சுகாதாரப் பரிசோதகரையும் கூட்டிக்கொண்டு போவது என்று திட்டம் போட்டோம். இடையில் கொழும்பில் மாணவர் ஆய்வுப் போட்டி வந்தது. போகட்டும், பிள்ளைக்கு ஒரு பழக்கம் என்று விட்டேன். இடம் சொல்லக்கூடாது, படம் போடக்கூடாது என்றேன். அவள் காட்டவிருந்த ஒவ்வொரு பக்கத்தையும் முதல்நாள் என் மேசையில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கட்டிக்கொண்டு போக நல்ல சேலை இல்லை என்றாள். என் அலுமாரியைத் திறந்துவிட்டேன். கரும்பச்சைப் பட்டுச் சேலையை எடுத்தாள்.

போட்டியன்று பின்னேரம் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது துறைத்தலைவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "உங்கட பிள்ளை முதலாம் இடம்! பேஸ்புக்கில போட்டிருக்கினம், பாருங்கோ."

முதலில் தெரிந்தது என் சேலை. அது அவளுக்கு என்னைவிட நன்றாக இருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. பிறகுதான் அவளுக்குப் பின்னால் திரையில் என்ன இருக்கிறது என்று விரலால் பெருப்பித்துப் பார்த்தேன்.

அக்காவின் கிணறு. கப்பித் தூண், பின்னால் இரட்டைப் பனை, குடங்களோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். மேலே கொட்டை எழுத்தில், அளவு மீறிய நச்சுக் குடிநீர் என்று இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. அது எதற்கு? அந்த இரட்டைப் பனையைக் கிளிநொச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"இந்தப் படம் இதில இருக்கேல்லையே" என்றேன்.

"நான்தான் போடச் சொன்னனான்" என்றார் தலைவர், பெருமையாக. "வெறும் இலக்கத்தைக் காட்டினா நடுவர்மார் நித்திரையாப் போயிடுவினம். படம் நல்லா வேலை செய்திருக்கு பாத்தீங்களே?"

"படம் போடமாட்டம் எண்டு சனத்துக்குச் சொன்னது தெரியாதே உங்களுக்கு? ஒழுக்கக் குழுவில எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து நீங்களும்தானே அந்த ஆய்வுக்கு அனுமதி குடுத்தனீங்கள்?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "ஒரு படம்தானே மேடம். உங்களுக்குச் சொன்னா விடமாட்டியள் எண்டு பிள்ளை பயந்தவள். அதுதான் சொல்லாமல் செய்வம் எண்டனான்."

அப்படியென்றால் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். முதல்நாள் என் மேசையில் அவள் ஒரு கட்டுப் பக்கத்தைக் காட்டிவிட்டு, பையில் வேறொன்றை வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். என் சேலையையும் மடித்து அதே பையில் வைத்துக்கொண்டு. பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அவளுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. படத்தை நீக்கச் சொல்லிக் கத்தினேன், பொழுதுபட அதை நீக்கினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பேஸ்புக்குக்கு நான் எங்கே போய் மூடி தேட?

அடுத்தநாள் காலை ஒழுங்கைக்குப் போனபோது அக்காவின் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. குடங்களெல்லாம் எதிர்வீட்டு மாபிள் கிணற்றடியில் நின்றன. ஒரு பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. என்னைக் கண்டதும் எல்லாரும் மரியாதையாக, "வாங்கோ ரீச்சர்" என்றார்கள்.

அக்கா முற்றத்தில் மிளகாய் பரவிக்கொண்டிருந்தார். படத்தை அவருக்குப் பெறாமகள், தங்கச்சியின் மகள், காட்டிவிட்டாளாம். "தண்ணி உண்மையாக் கூடாதோ ரீச்சர்?" என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். முழு ஒழுங்கையும் அப்படித்தான், கைக்குழந்தைகளுக்குத்தான் கவனம், இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்றேன்.

"முழு ஒழுங்கையும் எண்டா ஏன் என்ர கிணறு மட்டும் படத்தில?"

என்னிடம் இருந்த உண்மையான பதில், அங்கேதான் சனம் நின்றது, படம் வடிவாக வந்தது என்பது. அதைச் சொன்னேன். அக்கா கையில் இருந்த ஒரு பிடி மிளகாயையும் பரவி முடித்தார்.

"ஒருத்தரும் வந்து ஒண்டும் சொல்லேல்ல" என்றார் பிறகு. "சும்மா வராமல் விட்டிட்டினம். தண்ணிக்கு வராட்டிப் போகட்டும். காலமை முருங்கைக்காய் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தனான். எப்பவும் வாங்கிறவ. இண்டைக்கு 'வேண்டாம், வீட்டில கிடக்கு' எண்டு படலைக்கு வெளியில நிண்டு சொன்னவ. முருங்கைக்காயிலயும் இருக்கோ ரீச்சர் அந்தச் சாமான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் வெறும் சாக்கு. இத்தனை வருடம் தாகத்துக்காக அடக்கி வைத்திருந்த ஒன்றுக்கு விஞ்ஞானத்தின் கையெழுத்தோடு ஓர் அனுமதிச் சீட்டு கிடைத்திருந்தது. இனி யாரும் பழைய வார்த்தைகளைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. நைத்திரேற்று என்று சொன்னால் போதும், படித்த பேச்சாகவும் இருக்கும்.

ஒழுங்கையில் இறங்கி நின்று, 'அடி விசரியளே, நீங்கள் இப்ப அள்ளிறதுதான் எல்லாத்திலும் மோசம்' என்று கத்தவேண்டும் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கத்த முடியவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் அதே வாக்கைத்தான் கொடுத்திருந்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மற்றவர்கள் உடைத்தார்கள், எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்ததை நான் உடைத்தால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? என் பாடமே என் வாயைக் கட்டிப்போட்டது. நேரே எதிர்வீட்டுப் படலையைத் திறந்து போய், அவரைத் தனியே கூப்பிட்டு அவர் கிணற்றின் முடிவைச் சொன்னேன். கைக்குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஓம், ஓம். நான் பாத்துச் சொல்லுறன் ரீச்சர்" என்றார். என்னை வழியனுப்பப் படலைவரை வந்தார். "இது எங்களுக்குள்ள இருக்கும்தானே? நீங்கள் வாக்குத் தந்தனீங்கள்" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் கப்பி உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொல்லமாட்டார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஒழுங்கையே தன் வளவுக்கு வருகிற காலம் அவருக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

அன்றே போய்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னேன். நல்ல மனுசன். அடுத்தநாளே வந்து சனசமூக நிலையத்தில் எல்லாரையும் கூட்டி, இந்த ஒழுங்கையில் எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் கைக்குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம், எல்லாக் கிணறும் ஒன்றுதான் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கைக்குழந்தைக்காரர் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினார்கள், அந்தளவுக்கு நிம்மதி. மற்றபடி குடங்கள் எதிர்வீட்டுக்கே போயின. எல்லாக் கிணறும் என்று அவர் சொன்னது அவர்கள் காதில் ஒரு கிணறு என்றுதான் விழுந்தது.

கிழமை முடிய என் மாணவி வந்தாள். சேலையைக் கழுவி, அயன் பண்ணி, ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். மற்றக் கையில் ஒரு பெட்டி லட்டு. நான் இருக்கச் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நான் பேர் போடேல்லத்தானே" என்றாள்.

"சத்தியம் பண்ணினனி. நான் கேக்காமலே பண்ணினனி."

"எனக்கு இது ஒண்டுதான் வழி மிஸ். முதலாம் இடம் வந்தாத்தான் வெளிநாட்டில மேல படிக்கக் கூப்பிடுவினம். தலைவர் சொன்னவர், படமில்லாட்டி ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம் எண்டு. நான் யோசிச்சனான். கனக்க யோசிச்சனான்."

"யோசிச்சுத்தான் செய்தனியோ? அப்ப இன்னும் மோசம்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள். "சனம் அந்தக் கிணத்தை விட்டது என்ர படத்துக்காக இல்லை மிஸ். சாதிக்காக. அது உங்களுக்கும் தெரியும்."

உண்மைதான். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அவளுக்கு அது முன்னரே தெரிந்திருந்தது. அந்தக் கிணற்றடியில் என்ன கட்டிக் காக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டுதான் படத்தைப் போட்டிருக்கிறாள்.

"சாக்குத் தேடிக்கொண்டிருந்தவைக்குச் சாக்கை எடுத்துக் குடுத்தது நீ" என்றேன். "போ. லட்டைக் கொண்டுபோ."

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இந்தப் பூனை என் குசினியில் மீன் வெட்டி வளர்ந்தது. அவள் போன பிறகு அந்தச் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுதிய ஒழுக்கப் பாடப் பரீட்சைத் தாளை எடுத்து வாசித்தேன். சம்மதம் பற்றி அவ்வளவு அழகாக எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. எழுதியவள் உண்மையாகத்தான் எழுதியிருந்தாள், அதுவும் எனக்குத் தெரிந்தது. முழுப் பொய்க்காரியாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முறைப்பாடு கொடுத்தேன். அதை விசாரிக்கிற குழுவுக்கும் துறைத்தலைவரேதான் தலைவர். வேலியே பயிரை மேய்ந்தால் எங்கள் இடத்தில் முறைப்பாட்டையும் வேலியிடம்தான் கொடுக்கவேண்டும். கவனக்குறைவு என்று முடித்தார்கள். "பெரிசாக்காதேங்கோ மேடம், ஒரு பிள்ளையின்ர எதிர்காலம்" என்றார். கிணற்றுக்கு எதிர்காலம் இருக்கிறது என்று அங்கே சொன்னால் சிரிப்பார்கள். அவள் வெளிநாடு போனாள். போக முன்னர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள், நான் பதில் போடவில்லை. என் வெள்ளிக்கிழமைப் பாடம் அடுத்த வருடத்து அட்டவணையில் அதே ஓரத்தில் இருந்தது.

மாரி மழை நன்றாகப் பெய்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது. மழைக்குப் பிறகு நைத்திரேற்று இறங்கியிருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அக்காவின் கிணற்றை வெளியிடத்து ஆய்வுகூடம் ஒன்றில் கொடுத்துப் பார்ப்பது, நல்லதென்று வந்தால் அக்காவின் சம்மதத்தோடு அதைப் பரிசோதகரைக் கொண்டு ஒழுங்கைக்கு அறிவிப்பது என்று முடிவெடுத்தேன். அந்தக் கிணற்றடியில் திரும்பவும் குடங்கள் நிற்கவேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. புது இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலரையும், கொதிநீரில் கழுவிய போத்தல்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா எங்களை முற்றத்தில் இருத்தினார். நான் சொல்லவந்ததை முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு தரமும் மறிக்கவில்லை. பிள்ளைகள் போத்தல்களின் மூடியைத் திறந்து ஆயத்தமாக நின்றார்கள்.

"வேண்டாம் ரீச்சர்" என்றார்.

"நல்லதெண்டு வரும் அக்கா. வராட்டி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"நல்லதெண்டு வந்தா என்ன செய்யிறது? அவையள் திரும்பி வருவினம். நான் சிரிச்சுக்கொண்டு வாங்கோ எண்டவேணும். ஒருத்தரிட்டையும் தண்ணிக்குக் கையேந்தக்கூடாது எண்டுதான் அப்பா இந்தக் கிணத்தை வெட்டினவர். என்ர தண்ணி நல்ல தண்ணி எண்டு சொல்லச் சொல்லி உங்களிட்டக் கையேந்தச் சொல்லுறியளோ?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருக்குச் செய்த அநியாயத்தை நேராக்கத்தான் வந்தேன், என் பிள்ளை எனக்கும் அதைத்தானே செய்தாள், நானும்தானே ஏமாந்தேன், இப்படி ஏதோ.

அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். குரல் உயரவில்லை. "கோவிக்காதேங்கோ. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. உங்கட முகத்தைப் பாத்துத்தான் ஓமெண்டனான்."

இத்தனை மாதமும் எனக்குத் துரோகம் செய்தவர்களை நினைத்து நினைத்து நான் வெந்துகொண்டிருந்தேன். அந்த முற்றத்தில் துரோகி என்று இருந்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது.

பின்னால் நின்ற ஒரு பிள்ளை, நல்ல மனதோடுதான், என் காதருகே குனிந்தாள். "மிஸ், இன்னொருக்காக் கேட்டுப் பாப்பமா?"

"இல்லை" என்றேன். "போத்தலை மூடுங்கோ."